மாத்திரை பேசுது

ஐயையோ, அங்க இல்ல மாமா! அது இன்னும் முடியாத சோபா. அடியில பலகையே போடல, உக்காந்தீங்கன்னா உள்ள போயிடுவீங்க, அப்புறம் அக்காவுக்கு யாரு பதில் சொல்றது? இப்படி வாங்க, இந்தப் பஞ்சுக் கட்டு மேல உக்காருங்க. ஆங். நாங்க செய்யற சோபாவ விட இதுதான் சுகம், வெளிய சொல்லிடாதீங்க.

எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். அண்ணன் அனுப்பியிருக்காரு. வெள்ளிக்கிழமை ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போகாத, கல்யாணத்தத் தள்ளிப் போடு, முதல்ல மாத்திரைய மாத்து, தலை தெளியட்டும், அதுக்கப்புறமும் அந்த வேன்காரம்மாதான் வேணும்னா பேசிக்கலாம். அதானே? பாவம், வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கிட்டு வந்திருப்பீங்க, நான் முந்திக்கிட்டேன்.

சேச்சே, கோவம்லாம் இல்ல. சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன். அந்தக் கத்திரிக்கோல ஏன் மாமா நைஸா அந்தப் பக்கம் தள்ளுறீங்க? தள்ளுங்க, தள்ளுங்க. அண்ணியும் இப்படித்தான், நான் சாப்பிட வந்தா முள்கரண்டிய எண்ணி எடுத்து உள்ள வெச்சிடுறாங்க.

உங்களுக்கு என் வலிப்பு அக்கா சொல்லித்தான் தெரியும். நேர்ல பாத்ததில்ல இல்ல? அப்பா போனதும் அண்ணன்தான் பட்டறைய எடுத்து நடத்தினாரு. ரம்பத்துக்கிட்ட நான் போகக் கூடாது. ஆணி அடிக்கிற மிஷினத் தொடக் கூடாது. ஏணி ஆகவே ஆகாது. சுத்திச் சுத்திப் பாத்துட்டு இந்தப் பஞ்சு ரூமுல கொண்டாந்து விட்டாரு. விழுந்தாலும் மெத்துமெத்துன்னு விழுவான்னு! ஊர்ல எவனுக்காவது இப்படி ஒரு உத்தியோகம் கெடச்சிருக்கா சொல்லுங்க.

குறை சொல்லல மாமா. நான் விழுந்தா எங்க இருந்தாலும் ஓடி வருவாரு. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, கழுத்துப் பட்டனக் கழட்டி விட்டு, வாயில எதையும் திணிக்காம, யாரையும் திணிக்க விடாம, அப்படியே பக்கத்துல உக்காந்திருப்பாரு. முழிச்சதும் முதல்ல தெரியறது அவரு மூஞ்சிதான். அத்தனை கிட்டக்க அந்த மூஞ்சிய அண்ணி கூட பாத்திருக்க மாட்டாங்க.

ஆனா பாருங்க, பத்திரமா எடுத்து வெச்ச சாமான்கிட்ட யாரும் அபிப்பிராயம் கேக்கறதில்ல.

பழைய மாத்திரை ஒன்னு போட்டுக்கிட்டிருந்தேன்ல, அதுல ஈறு வீங்கி வீங்கி பாதிப் பல்ல மூடிக்கிச்சு. நாள் பூராவும் ஒரு மந்தம் வேற. எதைக் கேட்டாலும் சரின்னுடுவேன். பாத்திரத்துல அடிப்பிடிச்சதெல்லாம் என் தட்டுக்கு வரும், சரி. விருந்தாளி வந்தா என் கட்டில் போயிடும், சரி. எனக்குப் பொண்ணு பாக்கற பேச்சே எடுக்காம தம்பிகளுக்கெல்லாம் முடிச்சாங்க, அதுக்கும் சரி. அந்தச் சரி, சரின்னது நானா, மாத்திரையான்னு அப்ப யாராவது கேட்டாங்களா மாமா? கேக்கல.

அப்புறம்தான் டாக்டரம்மா புது மாத்திரை எழுதினாங்க. வலிப்பு நல்லா அடங்கும், ஆனா சில பேருக்குக் கோவம் வரும், வந்தா மறைக்காம சொல்லணும், நீங்களா நிறுத்தக் கூடாதுன்னாங்க. இவனுக்கா, கோவமான்னு அண்ணன் அங்கயே விழுந்து விழுந்து சிரிச்சாரு.

வந்துச்சு பாருங்க! ஸ்பூன் தட்டுல படற சத்தம் கேட்டா ஆகாது. செருப்பத் தேச்சுத் தேச்சு நடந்தா ஆகாது. ஒரு அம்மா, திரைச்சீலைக்கு மேட்ச் ஆகலன்னு ஒரே சோபாவத் திருப்பித் திருப்பி அனுப்பிக்கிட்டே இருந்தாங்க. அண்ணன் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு. நான் உள்ளேருந்து பஞ்சும் தலையுமா போய், அம்மா, போய்த் திரைச்சீலைய மாத்துங்கன்னேன். எல்லாருக்கும் மூச்சு நின்னு போச்சு. அந்தம்மா மாத்திட்டாங்க மாமா! நல்லாருக்குன்னு போன் வேற பண்ணாங்க.

அப்ப ஆரம்பிச்சதுதான் அண்ணனோட பல்லவி. தப்பா எடுத்துக்காதீங்க, அது அவன் பேசல, மாத்திரை பேசுது. வாசல்ல வர்றவன் போறவன் எல்லார்கிட்டயும் இதேதான். கொஞ்ச நாள்ல வீட்ல மாத்திரைக்கு ஒரு மரியாதை வந்துச்சு பாருங்க, எனக்கு ஆயுசுல வராத மரியாதை. அண்ணி ஏதாவது வேலை சொல்லணும்னா, மாத்திரை போட்டாச்சா, இனிமேதானான்னு விசாரிச்சிட்டுத்தான் வாயத் திறப்பாங்க. அண்ணன் மக இருக்காளே, அவ இன்னும் கெட்டிக்காரி. சித்தப்பா, மாத்திரையப் போட்டுட்டு வந்து அப்பாகிட்ட என் டூர் விஷயத்தப் பேசுங்களேன்னு கெஞ்சுவா. பேசினேன். போயிட்டு வந்தா.

வேன்காரம்மாவா? வர்றேன், வர்றேன். அவங்க ஸ்கூல் வேன் ஓட்டறாங்க. சீட்டெல்லாம் கிழிஞ்சு போச்சு, பசங்க பென்சிலால நோண்டி நோண்டி. தைக்க இங்க கொண்டாந்து விட்டாங்க. சீட்ட மாட்டும்போது வேனுக்குள்ளயே எனக்கு வலிப்பு வந்து விழுந்துட்டேன். அண்ணன் அன்னிக்கு ஊர்ல இல்ல. கண்ணு முழிச்சா வேற ஒரு மூஞ்சி! பயந்துட்டேன். அவங்க பயப்படல. தண்ணி வேணுமான்னு கேட்டாங்க, குடிச்சேன். கொஞ்ச நேரம் விட்டு, கடைசி வரிசைக்கு நீல ரெக்ஸின் போடலாமா, பச்சையா, நீங்க சொல்லுங்கன்னாங்க. விழுந்து எழுந்தவன்கிட்ட போய் கலர் கேக்குறாங்க மாமா. பச்சைன்னேன்.

வயசுல என்னைவிட மூத்தவங்கதான், ஆமா. அதனால என்ன? எனக்கு வண்டி ஓட்டற லைசென்ஸ் தர மாட்டாங்க, அவங்களுக்கு வண்டியிலேருந்து இறங்கத் தெரியாது. சரியான ஜோடி. இன்னொன்னு கேட்டுக்கங்க, அந்தப் பச்சை கலர் சொன்னது பழைய மாத்திரை காலத்துல. ஈறு வீங்கி, மந்தமா கெடந்தப்ப. அதனால காதல மாத்திரை கணக்குல எழுத முடியாது.

இத நான் அண்ணன்கிட்ட போன வாரம் சாப்பிடறப்பவே சொன்னேன். கட்டிக்கப் போறேன், தனி வீடு பாத்தாச்சுன்னேன். அவரு நிமிந்து கூட பாக்கல. குழம்ப ஊத்திக்கிட்டே, மாத்திரை பேசுதுன்னு அண்ணிகிட்ட சொன்னாரு. மேசைய ஓங்கித் தட்டினேன் மாமா. டம்ளர் உருண்டு அவரு மடியில தண்ணி. அதான் உங்கள அனுப்பியிருக்காரு.

என்ன, எந்திரிச்சிட்டீங்க? டாக்டரம்மாகிட்டயா? நீங்களே போய்ப் பேசி மாத்திரைய மாத்தச் சொல்றீங்களா? வேணாம் மாமா, அவங்க சிரிப்பாங்க. உக்காருங்க.

அது மாத்தியாச்சு.

ஆமா மாமா. ஒரு நாள் அண்ணன் மக ஏதோ பாட்ட முணுமுணுத்துக்கிட்டு இங்க வந்தா. அதுக்குப் போய் ஒரு கத்து கத்தினேன், கையில இருந்த அளவு டேப்பத் தூக்கிச் சுவத்துல அடிச்சேன். அந்தப் பொண்ணு சுவரோட ஒட்டிக்கிட்டு நின்னா. சித்தப்பான்னு கூப்பிடக் கூட இல்ல. எனக்கே என்னைப் பாத்து பயமாயிடுச்சு. நேரா டாக்டரம்மாகிட்ட போனேன். அதக் கொஞ்சம் கொஞ்சமாக் கொறைச்சு, வேற ஒன்ன மெதுவா ஏத்தி, போன மாசம் மழை ஆரம்பிக்கிறப்பவே அது சுத்தமா நின்னுடுச்சு. வலிப்பும் வரல. இப்ப போடறது மனசச் சாந்தமா வெச்சிருக்குமாம். உண்மைதான், ஸ்பூன் சத்தம்லாம் இப்ப காதுலயே விழறதில்ல.

வீட்ல சொல்லல. சொன்னா அடிப்பிடிச்சது திரும்ப என் தட்டுக்கு வந்துடுமேன்னுதான்.

அப்ப மேசையத் தட்டினது யாருன்னா கேக்குறீங்க? நல்லா கேட்டீங்க போங்க. எனக்கே கை ரெண்டு நாள் வலிச்சுது.

இத அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாரு. ஒருவேளை அழுவாரு, விடுங்க. அழுது முடிச்சதும், வெள்ளிக்கிழமைக்கு அவரோட வெள்ளைச் சட்டைய எடுத்து இஸ்திரி போட்டு வெக்கச் சொல்லுங்க. என் பக்கத்துச் சாட்சிக் கையெழுத்துப் போடறது அவருதான்.