வெள்ளி நிற வண்டியின் இடது பின்சக்கரம்

எனக்கு வயது பதினேழு. வயது குறைந்தவள் என்பதால் என் பெயரும் வீட்டு விலாசமும் தனித்தாளில் எழுதி உறையில் வைக்கப்பட்டுள்ளன. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டேன். அக்காவின் கணவர் நடத்தும் கார் பட்டறையில் மூன்று வருடமாக வேலை செய்கிறேன். அவரை மாமா என்று கூப்பிடுவேன். அம்மா துணைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். கேட்டால் எனக்குப் பேச்சு வராது என்பதால் நானே எழுதித் தருகிறேன் என்றேன். ஸ்டேஷன் அதிகாரி அம்மா சம்மதித்து, நடந்ததை வரிசையாக எழுதச் சொன்னார். இன்று சனிக்கிழமை, எழுதத் தொடங்கும் நேரம் காலை பத்து நாற்பது. பல் டாக்டர் ஒருவர் தன் மனைவியோடு மலைக்கு ஓட்டிப் போயிருக்கும் வெள்ளி நிறக் கார், இறங்கத் தொடங்கும் முன் நிறுத்தப்பட வேண்டும். வாய்வார்த்தையை வைத்து வண்டியை நிறுத்த முடியாது, கையெழுத்தான வாக்குமூலம் இருந்தால் மலை மேல் உள்ள போலீஸ் சாவடிக்கு உத்தரவு போகும் என்று அதிகாரி அம்மா சொன்னார். அதனால் வேகமாக எழுதுகிறேன்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு வண்டியைப் பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. பார்ப்பது நான், சொல்வது மாமா. வண்டி பள்ளத்தின் மேல் நிற்கும், நான் பள்ளத்துக்குள் நின்று நாற்பது வரி உள்ள தாளில் ஒவ்வொன்றாகக் குறித்து மேலே நீட்டுவேன், மாமா அதை வாங்குகிறவருக்குப் படித்துக் காட்டுவார். மேலேயிருந்து யாராவது ஏதாவது கேட்டால் ஸ்பேனரால் பள்ளத்தின் இரும்பு விளிம்பில் தட்டுவேன். ஒரு தட்டு என்றால் வந்து பாருங்கள், இரண்டு தட்டு என்றால் சரியாக இருக்கிறது. "என் மச்சினிகிட்ட பேச்சு கிடையாது சார், தந்திதான்" என்று மாமா எல்லாரிடமும் சொல்வார்.

கடந்த திங்கட்கிழமை காலை அந்த வெள்ளி நிற ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. அதை விற்பவர் எங்கள் பட்டறைக் கட்டடத்தின் முதலாளி. வாங்க வந்த டாக்டருக்கு அந்தச் சம்பந்தம் தெரியாது. அந்த வண்டியில் இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். அடிச்சட்டம் அலுமினியம், மேல் உடம்பு ஃபைபர், எடை சாதாரணக் காரில் பாதிதான். இப்படிப்பட்ட வண்டியில் அடிபட்டது வெளியே தெரியாது. தகரம் என்றால் நசுங்கிக் காட்டிக்கொடுக்கும், ஃபைபரை ஒட்டிப் பெயின்ட் அடித்துவிட்டால் புதிதுபோல் இருக்கும். அதனால் முதலில் விரல் முட்டியால் உடம்பு முழுக்கத் தட்டிப் பார்த்தேன். இடது பின்பக்கம் மட்டும் ஈரப் பலகையைத் தட்டியதுபோல் சத்தம் வந்தது. அதன் பிறகு இடது பின் டயரைத் தடவினேன், உள்விளிம்பு மட்டும் ரம்பம்போல் தேய்ந்திருந்தது. அதன் பிறகு பள்ளத்தில் இறங்கினேன்.

பின்சக்கரத்தை நேராகப் பிடித்திருப்பது விரல் தடிமனில் ஒரு கம்பி. அதன் உள்முனையில் பால் ஜாயின்ட் என்கிற உருண்டை மூட்டு, அதன் மேல் ரப்பர் உறை. மற்ற உறைகள் எல்லாம் வெடித்துச் சாம்பல் நிறத்தில் இருந்தன, இடது பக்கத்து உறை மட்டும் புதிது. அதைத் தள்ளிவிட்டு கிரீஸைத் துடைத்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஜாயின்ட்டின் கழுத்தைச் சுற்றி நகத்தால் வருடியபோது ஓரிடத்தில் நகம் நின்றது. அதன் பிறகு மண்ணெண்ணெய் தடவி, ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்து, சாக்பீஸ் பொடி தூவிக் காத்திருந்தேன். ஐந்து நிமிடத்தில், விரிசலுக்குள் போயிருந்த மண்ணெண்ணெய் கசிந்து வெள்ளைப் பொடியில் ஈரக் கோடாக எழுந்தது. அது கழுத்தை முக்கால் வட்டம் சுற்றியிருந்தது.

மெதுவாக ஓட்டினால் இது தெரியாது. வளைவில் பாரம் அந்தச் சக்கரத்தின் மேல் விழும்போது ஒடியும். ஒடிந்தால் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பிக்கொள்ளும், ஸ்டியரிங்கைப் பிடித்து ஒன்றும் செய்ய முடியாது. பதினேழாவது வரியில் "விரிசல். ஓட்டக் கூடாது" என்று எழுதி, அடியில் கோடு போட்டு, தாளை மேலே நீட்டினேன்.

மாமா படிக்கத் தொடங்கினார். பள்ளத்திலிருந்து எனக்குத் தெரிந்தவை கால்கள் மட்டும்: மாமாவின் செருப்பு, டாக்டரின் ஷூ, அவர் மனைவியின் நீலச் செருப்பு. நடுவில் மனைவி, "இதுல ஒரு காய்கறிப் பை வைக்கக்கூட இடமில்லையே" என்றார். "உன் மடி இருக்குல்ல" என்றார் டாக்டர். "ஓஹோ, அப்போ நான்தான் டிக்கியா?" என்றார் அவர். மாமாவும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் மாமா பதினெட்டாவது வரியைப் படித்தார். வரி மாறிப் படித்திருப்பார், திரும்பி வருவார் என்று காத்திருந்தேன். அவர் நாற்பது வரை படித்து முடித்தார்.

அதன் பிறகு டாக்டர் குனிந்து, "ஏம்மா, கீழே எல்லாம் சரியா இருக்கா?" என்று என்னையே கேட்டார். "அவ பேச மாட்டா சார், தட்டுவா. ரெண்டு தட்டுன்னா சரின்னு அர்த்தம்" என்றார் மாமா. அப்போது அவருடைய கால் விரல்கள் செருப்பை இறுக்கிப் பிடித்திருந்தன. நான் இரண்டு முறை தட்டினேன். யாரும் என் கையைப் பிடித்துத் தட்டவைக்கவில்லை.

அவர்கள் போன பிறகு மாமா பள்ளத்தில் இறங்கி என் பக்கத்தில் உட்கார்ந்தார். "கட்டடத்தைக் காலி பண்ணுன்னு சொல்லிட்டா உங்க அக்காவைக் கூட்டிக்கிட்டு நான் எங்கே போவேன்? அந்த மனுஷன் வீட்டுக்கும் கிளினிக்குக்கும்தானே ஓட்டப்போறாரு" என்றார். அக்காவுக்கு இது ஏழாவது மாதம். அதன் பிறகு அவர் ஒரு புதுத் தாள் கொடுத்தார். பதினேழாவது வரியில் "நன்று" என்று எழுதி, மற்றதைப் பார்த்து எழுதிக் கொடுத்தேன். பழைய தாளை அவர் கிழித்துவிட்டார். மறுநாள் டாக்டர் அந்தப் புதுத் தாளோடு வண்டியை எடுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை டாக்டர் டயருக்குக் காற்று அடிக்க வந்தார். எனக்கு ஒரு புது டூத்பிரஷ் கொடுத்து, "பல் டாக்டர் வேற என்னம்மா தருவான்?" என்றார். சனிக்கிழமை கார் கிளப் ஆட்களோடு மலைக்குப் போவதாகவும், மேலே போக முப்பத்தாறு வளைவு என்றும் சொன்னார். "நீ பார்த்த வண்டின்னு சொன்ன பிறகுதான் வீட்டம்மா வரவே சம்மதிச்சா" என்றார். நான் தலையாட்டினேன். அதன் பிறகு மாமாவிடம் போய், சொல்லிவிடலாம் என்றேன். அவர், "மூணு வருஷமாப் பேசாதவ இப்போ மட்டும் எதுக்குப் பேசுற?" என்றார்.

வெள்ளிக்கிழமை மதியம் தனியாக டாக்டரின் கிளினிக்குக்குப் போனேன். டோக்கன் வாங்கி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என் முறை வந்தபோது வரவேற்பில் இருந்த பெண், "என்ன பிரச்சினை, பல்லா ஈறா?" என்று கேட்டார். நான் "பல்" என்று சொல்லிவிட்டு, படியிறங்கி வந்துவிட்டேன்.

இன்று காலை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். அம்மா பின்னாலேயே வந்தார். அதிகாரி அம்மா கிளினிக்குக்குப் போன் செய்தார், டாக்டர் ஆறு மணிக்கே கிளம்பிவிட்டார் என்றார்கள். மலைச் சாவடிக்கும் போன் செய்து, வண்டி வந்தால் தகவல் சொல்லச் சொன்னார். அதன் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எழுதிக்கொண்டிருக்கும்போது பதினொன்று ஐந்துக்கு மலைச் சாவடியிலிருந்து போன் வந்தது. வெள்ளி நிறக் கார் அங்கே நிற்கிறது, டாக்டர் பட்டறையில் கொடுத்த தாளைக் காட்டுகிறார், அந்தப் பெண்ணே சொல்லட்டும் என்கிறார் என்றார்கள். அதிகாரி அம்மா போனை என்னிடம் கொடுத்தார். டாக்டர் மூன்று முறை ஹலோ சொன்னார். நான், "வண்டியை எடுக்காதீங்க சார். பின்சக்கரக் கம்பியில விரிசல் விட்டிருக்கு" என்றேன். "அன்னிக்கு ஏன் சொல்லலை?" என்று அவர் கேட்டார். நான் போனை அதிகாரி அம்மாவிடம் நீட்டினேன். அதற்குள் லைன் நின்றுவிட்டது. திரும்ப அடித்தபோது சாவடிக்காரர் எடுத்து, டாக்டர் வீட்டம்மா வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார், டாக்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார், எழுத்தில் ஏதாவது வந்தால்தான் தடுப்புக் கட்டையைப் போட முடியும் என்றார்.

இப்போது அம்மா தாளின் மேல் கையை வைத்துக்கொண்டிருக்கிறார். "உங்க அக்காவுக்குப் பிள்ளை பொறக்கும்போது அப்பன் எங்கேடி இருப்பான்?" என்று கேட்கிறார். கைக்குக் கீழே மிச்சம் இருக்கும் இடத்தில் எழுதுகிறேன்.

இதில் உள்ளவை நான் பார்த்தவையும் செய்தவையும். யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை. படித்துப் பார்த்தேன், திருத்தம் எதுவும் இல்லை. நேரம் பதினொன்று இருபத்திரண்டு. என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். துணைக்கு வந்தவர் கையெழுத்திட மறுத்ததால் அவருடைய இடம் காலியாக விடப்பட்டுள்ளது.