லேப்டாப் மேல் நெல் மூட்டை

“மூடி சரியா மூடலைன்னுதாங்க மேல நெல்லு மூட்டையத் தூக்கி வச்சேன்.”

குத்தாலம் தாண்டிய கும்பகோணம் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் இப்படிச் சொன்னதும் என் தூக்கம் போய்விட்டது. ஆனாலும் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

“உள்ள பேட்டரி உப்பியிருக்கு, செல்வி. அதான் மூடியத் தூக்குது. அழுத்தினா தீப்பிடிச்சிரும்,” என்றான் கணவன்.

“பலகை வளைஞ்சா நம்ம வீட்டுல மூட்டையத்தானே ஏத்துவோம்? கரண்ட் போன உடனே அது அணைஞ்சுபோறதும் அதனாலதானா?”

“ஆமா. நேத்து மீட்டிங் நடுவுல, சார்ஜ் நாப்பது பர்சன்ட் காட்டிக்கிட்டே நின்னுபோச்சு. இன்னொரு தடவை இப்படி ஆனா, வீட்லேர்ந்து வேலை பாத்தது போதும், சென்னைக்கே வந்துருன்னுட்டாங்க ஆபீஸ்ல.”

“புதுசு போட்டா?”

“கரண்ட் இல்லாமலே நாலஞ்சு மணி நேரம் ஓடும்.”

முன் சீட்டு அசைந்தது. மெல்லக் கண்ணைத் திறந்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். நடவு முடிந்த வயல் தண்ணீரில் வானம் பஸ்ஸோடு கூடவே வந்துகொண்டிருந்தது. ஒரு கொக்கு மேகத்தின் மேல் நின்றது.

“கரண்ட் போனாதான் நீங்க எந்திரிச்சு வாய்க்கால் பக்கம் வருவீங்க,” என்றாள் வெளியே பார்த்தபடியே.

அவன் அவள் பக்கம் திரும்பினான். “அப்ப மாத்த வேணாங்கிறியா?”

“மாத்தாம? சென்னைக்கா போவீங்க?”

அவன் மடியிலிருந்த லேப்டாப் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள், கொஞ்சமும் அழுத்தாமல்.