சான்றிதழைச் சரிபார்க்காதே

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், உங்கள் வரவேற்பறையில் இருக்கும் பிரிண்டருக்கு யாரும் பாஸ்வேர்டு வைக்கவில்லை. காத்திருந்த இருபது நிமிடத்தில் போனிலேயே பார்த்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். பல் டாக்டர் எந்த விசேஷத்துக்குப் போனாலும் எதிரே சிரிப்பவரின் பல்லைத்தான் பார்ப்பார். எனக்கு இது.

நான் வந்தது பிரிண்டருக்காக இல்லை. போன மாதம் நீங்கள் விசாரித்தபோது என் சகலை இதே மேஜையில் உட்கார்ந்து, மென்பொருள் திருத்தத்தை அனுப்ப மறந்தது தன் தவறுதான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அதை வைத்து வருகிற திங்கட்கிழமை அவன் மேல் வழக்குப் போடப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அவன் மறக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், மெதுவாகவே சொல்கிறேன்.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை கணவன். இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனி. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை வைக்கும் வெப்பப் பெட்டிகளுக்குள் ஓடும் மென்பொருளை நாங்கள் எழுதிக் கொடுக்கிறோம். சூடு கூடினாலோ குறைந்தாலோ பெட்டி கத்த வேண்டும். எப்போது கத்த வேண்டும் என்று எழுதுகிற ஆறு பேரில் அவன் ஒருவன். நான் எழுதுபவன் இல்லை. நெட்வொர்க் பாதுகாப்பு என் பொறுப்பு. எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்று வாசலில் நிற்பவன். ஆபீசில் எனக்குப் 'பூட்டு' என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். கழிவறையில் கை கழுவும்போது சொல்லிக்கொள்வார்கள், நான் கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பது தெரியாமல்.

ஆறு பேரும் தனித்தனியாக எழுதுவதை ஒன்றுசேர்க்க ஒரு கருவி இருக்கிறது. யார், எந்த வரியை, எத்தனை மணிக்கு மாற்றினார்கள் என்று அது ஞாபகம் வைத்திருக்கும். எழுதியதை நடு சர்வருக்கு அனுப்பிவிட வேண்டும். புஷ் பண்ணுவது என்பார்கள். சர்வருக்கு வந்து சேர்ந்தது மட்டும்தான் வேலை. வந்து சேராதது, எழுதியவன் சத்தியமே செய்தாலும், எழுதாததுதான்.

இந்த வருடத் தொடக்கத்தில் இவர்களுக்கும் சர்வருக்கும் நடுவே ஒரு ப்ராக்ஸியை வைத்தேன். எல்லாக் கடிதத்தையும் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி ஒட்டி அனுப்பும் தபால்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டும்போது அவன் எங்கள் கம்பெனி முத்திரையைத்தான் குத்துவான். அந்த முத்திரைக்குச் சான்றிதழ் என்று பெயர். கருவிக்கு அது புதிது. "உன்னை எனக்குத் தெரியாதே" என்று அனுப்ப மறுத்துவிடும். மறுப்பதுதான் சரி. மனிதர்களில்கூட அந்த ஒழுக்கம் குறைவு.

இதற்கு ஒழுங்கான வழி, எங்கள் சான்றிதழைக் கருவியின் நம்பிக்கைப் பட்டியலில் சேர்ப்பது. இரண்டு நிமிட வேலை. சோம்பேறி வழி ஒன்றும் இருக்கிறது. சான்றிதழைச் சரிபார்க்காதே என்று ஒரே வரியில் கருவிக்கு உத்தரவு போட்டுவிடலாம். அதற்குப் பிறகு எதிரே நிற்பது யார் என்று அது கேட்காது. எவன் கையை நீட்டினாலும் கொடுத்துவிடும், பாஸ்வேர்டு உட்பட.

சகலை அந்த ஒரு வரியைப் போட்டிருந்தான். மாதச் சோதனையில் என் கண்ணில் பட்டது. மெயில் அனுப்பியிருக்கலாம்தான். படிக்காமலே 'நோட்டட்' என்று பதில் போடுவான். அதனால் செய்து காட்டுவது என்று முடிவெடுத்தேன். ஒரு பாடம், அவ்வளவுதான்.

என் மேஜைக்கு அடியில், கால் வைத்துக்கொள்ள வசதியாக, ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடந்தது. அதை எழுப்பி உட்காரவைத்து, நடு சர்வரைப் போலவே பேசக் கற்றுக்கொடுத்தேன். சகலையின் மெஷினில் ப்ராக்ஸி முகவரி இருந்த வரியில் இந்தப் பெட்டியின் எண்ணைப் போட்டேன். யார் மெஷினிலும் கைவைக்க எனக்கு அனுமதி உண்டு. அன்றிலிருந்து அவன் அனுப்பியதெல்லாம் என் காலடிக்கு வந்தது. வந்து சேர்ந்தது என்று பெட்டி அவனுக்குப் பதில் சொல்லும். நான் படித்துவிட்டு, எனக்குத் தோன்றும்போது, அவன் பெயரிலேயே உண்மையான சர்வருக்கு அனுப்பிவைப்பேன். முத்திரை எங்கே என்று ஒரு தடவை கேட்டிருந்தால் முதல் நாளே மாட்டியிருப்பேன். அவன் கருவி கேட்கவில்லை. கேட்காதே என்று அவனே சொல்லிவைத்திருந்தான்.

முதல் பாடம் வெறும் பத்து நிமிடத் தாமதம். அவர்கள் குழுத் தலைவியை எல்லாரும் மேடம் என்பார்கள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

"அனுப்பிட்டேன் மேடம்."

"எங்க? என் பக்கம் ஒண்ணும் வரலயே."

"எனக்குப் போயிடுச்சுன்னு காட்டுதே."

"உனக்கு மட்டும் தெரியுது, வேற யாருக்கும் தெரியல. ஆவியப் பாக்குறவங்கதான்யா இப்படிப் பேசுவாங்க."

அறை சிரித்தது. அவனும் சிரித்தான். அவன் அப்படித்தான், தன்னைப் பற்றிய ஜோக்குக்கு முதல் ஆளாகச் சிரிப்பான். பிறகு என்னிடம் வந்தான். அவன் வராந்தாவைக் கடப்பதற்குள் நான் அனுப்பிவைத்துவிட்டேன். "எங்க, காட்டு" என்று அவன் கூடவே போய்ப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. நான் போய்ப் பார்த்தபோதெல்லாம் எல்லாம் சரியாகவே இருந்தது.

அடுத்து என்ன கேட்பீர்கள் என்று தெரியும். அவன் ஏன் ஒழுங்காக என்னிடம் சான்றிதழைக் கேட்கவில்லை என்பீர்கள். கேட்டான். மூன்று தடவை. ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னேன். நிரப்பினான். மேடத்தின் கையெழுத்து வேண்டும் என்றேன். வாங்கி வந்தான். பிறகு அந்தப் படிவம் மாறிவிட்டது, புதுப் படிவத்தில் எழுத வேண்டும் என்றேன். அன்றைக்கு அவனுக்கு வேலை முடிக்கக் கடைசி நாள். அந்த வரியைப் போட்டுக்கொண்டான்.

படிவம் மாறவில்லை. அதற்கு முந்தின ஞாயிறு மாமனார் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மூத்த மாப்பிள்ளைக்கு ஆபீசில் என்னதான் வேலை என்று மாமனார் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சகலை பதில் சொன்னான்.

"ரொம்ப முக்கியமான வேலை மாமா. எல்லாச் சாவியும் இவர்கிட்டதான் இருக்கும். நாம போயித் தொறங்கன்னு கேக்கணும். இவரு மாட்டேன்னு சொல்லணும். அதுக்குத்தான் மாசமானா சம்பளம்."

என் மனைவிக்குப் புரையேறியது. தலையைத் தட்டி, தண்ணீர் கொடுத்து, தண்ணீரையும் சிரித்துத் துப்பினாள். நானும் ஜோக் சொல்கிறவன்தான். ஒன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "ம்ம்" என்பாள். அந்தச் சிரிப்பு அவளிடம் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தேதி வரிசை சரியாக இருக்க வேண்டுமே என்று சொன்னேன்.

ஒரு வாரத்தில் நிறுத்திவிடுவதாகத்தான் இருந்தேன். ஆனால் பாடம் அவனுக்கு ஏறவில்லை. அதனால் பத்து நிமிடம் ஒரு மணி நேரமானது. பிறகு ஒரு நாள். சில சமயம் முதலில் அனுப்பியதைப் பின்னாலும் பின்னால் அனுப்பியதை முன்னாலும் விட்டேன். அவன் ஒரு நோட்டு வாங்கி, அனுப்பிய நேரத்தையெல்லாம் எழுத ஆரம்பித்தான். ஸ்க்ரீனைப் போனில் படம் பிடித்தான். "போட்டோ எடுக்கிற நேரத்துல வேலையப் பாத்திருக்கலாம்ல" என்றார் மேடம். அவன் 'அனுப்பிட்டேன்' என்றால் அறையில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதுகூட நின்றுபோனது.

ஏழாவது வாரம் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கருவியின் அமைப்புகளைத் திறந்து காட்டினான்.

"சகலை, ஒவ்வொரு வரியாப் பாருங்க. நான் என்னமோ தப்பு பண்ணி வெச்சிருக்கேன். எனக்குத் தெரிய மாட்டேங்குது."

ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். ப்ராக்ஸி வரியில் என் காலடிப் பெட்டியின் எண் இருந்தது. அதன் மேல் விரலை வைத்து, சத்தமாகப் படித்து, "இது சரியா இருக்கு" என்றேன்.

"இந்த வெரிஃபை பண்ணாதேன்னு ஒரு வரி போட்டிருக்கேன் பாருங்க. தப்புதான? எடுத்துடட்டுமா?"

"தப்புதான். ஆனா இப்ப அதத் தொடாத. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடும்."

"நீங்க சொன்னா சரி" என்றான். அந்த இடத்தில் எனக்கு மனசு கொஞ்சம் இளகியது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். கேன்டீனுக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு கொழுந்தியாள் போன் செய்தாள். "அத்தான், உங்ககிட்டதான் சொல்ல முடியும். கதவப் பூட்டிட்டு, பூட்டினோமான்னு பாதி ரோட்டுலேர்ந்து திரும்பி வர்றாரு. குழந்தைய ஸ்கூல்ல விட்டுட்டு, 'நெஜமாவே விட்டேனா'ன்னு எனக்கு போன் பண்றாரு. அவருக்கு என்ன அத்தான் ஆச்சு?"

வேலைப் பளு என்றேன். நல்ல மனநல டாக்டர் ஒருவரின் நம்பரையும் கொடுத்தேன். உண்மையாகவே நல்ல டாக்டர். அவர் ஒரு பயிற்சி சொல்லியிருந்தார். எதையும் ஒரு முறை பார், நம்பகமான ஒருவரிடம் உறுதி செய்துகொள், இரண்டாவது முறை பார்க்காதே. நம்பகமான ஒருவர் என்று அவன் என் பெயரைச் சொல்லியிருக்கிறான்.

பதினோராவது வாரம் புதன்கிழமை. நான்கு மணிக்கு மென்பொருளின் புதுப் பதிப்பு ஆஸ்பத்திரிகளுக்குப் போக வேண்டும். இரண்டு ஐம்பத்திரண்டுக்குச் சகலை ஒரு திருத்தத்தை அனுப்பினான். அனுப்பும்போது கூடவே ஒரு குறிப்பு எழுதுவது வழக்கம். அதில் இப்படி இருந்தது: 'மின்சாரம் போய் வந்தால் வெப்பப் பெட்டியின் அலாரம் ஊமையாகிவிடுகிறது. இன்றுதான் கண்டுபிடித்தேன். இது இல்லாமல் பதிப்பு போகக் கூடாது.' தெளிவான குறிப்பு. நான் இரண்டு தடவை படித்தேன். புரியவில்லை என்று சொல்ல வழியில்லை.

போனில் கூப்பிட்டான். போனேன்.

"இன்னிக்கி மட்டும் கூட இருந்து பாருங்க சகலை. இது கண்டிப்பாப் போகணும். போயிடுச்சா?"

அவன் ஸ்க்ரீனில் போய்ச் சேர்ந்ததாகத்தான் இருந்தது. "போயிடுச்சு. கண்ணால பாத்தேன். டாக்டர் சொன்ன மாதிரி விட்டுடு" என்றேன். அவன் நோட்டில் எழுதினான்: '2.52. அனுப்பினேன். சகலை பார்த்தார்.' மேடத்தின் கதவில் தலையை நீட்டி "அனுப்பிட்டேன் மேடம்" என்றான். அவர் போனில் பேசிக்கொண்டே கையை அசைத்தார். அவன் இரண்டாவது தடவை பார்க்கவில்லை. பல வாரங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் விசிலடித்துக்கொண்டு படியிறங்கினான். குணமாகிக்கொண்டிருந்தான் பாவம்.

நான்கு மணிக்குப் பதிப்பு போனது. நான்கு பத்துக்கு விட்டுவிடலாம் என்றுதான் வைத்திருந்தேன். ஆனால் அதில் அவன் எழுதிய நேரம் பதிந்திருக்கும், இந்தத் தடவை அதை எல்லாரும் தேடிப் பார்ப்பார்கள். அவன் சொன்னது சரி என்று ஆகிவிடும். பதினோரு வாரமும் சரி என்று ஆகிவிடும். அதனால் அழித்தேன். மறுநாள் காலை, மெஷின் மெதுவாக ஓடுகிறது என்று அவன் எப்போதோ சொன்னதை வைத்து, அதை வாங்கி, திருத்தத்தின் நகல், ப்ராக்ஸி வரி எல்லாம் அழியும்படி சுத்தமாகத் துடைத்துக் கொடுத்தேன். "நல்லா ஓடுது சகலை, தேங்க்ஸ்" என்றான்.

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு ஆஸ்பத்திரியில் நாற்பது வினாடி மின்சாரம் போய் வந்தது. பெட்டி மறுபடி ஓடியது, சூடு ஏறிக்கொண்டே போனது, கத்தவில்லை. நர்ஸ் அடுத்த அறையில் வேறொரு குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தும் என்று நம்பியிருந்தார். பெட்டிக்குள் இருந்த குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லையாம். பேப்பரில் 'பெண் குழந்தை, பதினோரு நாள்' என்றுதான் போட்டிருந்தது.

விசாரணையில் உங்கள் ஆட்கள் அவன் நோட்டைக் காட்டி, நீங்கள் பார்த்தீர்களா என்று என்னைக் கேட்டார்கள். அவனும் பக்கத்தில் இருந்தான். "மனசு சரியில்லாம இருந்தான், ஆறுதலுக்காகப் பார்த்தேன்னு சொன்னேன். எதுவும் போனதை நான் பார்க்கல" என்றேன். அவன் என்னை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு உங்களிடம் திரும்பி, "சகலை சொன்னா சரியாத்தான் இருக்கும். நான்தான் மறந்திருப்பேன்" என்றான். கையெழுத்துப் போட்ட பிறகு, போட்டேனா என்று இரண்டு தடவை கேட்டான். நீங்களே பார்த்தீர்கள்.

ஆக, செய்தது நான். திருத்தம் வந்தது, படித்தேன், நிறுத்தினேன், அழித்தேன், பொய் சொன்னேன். அந்தக் குழந்தையையும் என் கணக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பழைய பெட்டி என் காரின் பின்னால் இருக்கிறது. சாவியை உங்கள் மேஜையில் வைத்துவிட்டேன்.

இதையெல்லாம் சொல்லாமலும் இருந்திருப்பேன். உங்கள் அறிக்கையின் நகல் நேற்று ஆபீசுக்கு வந்தது. ஒன்பதாம் பக்கத்தில், சகலையே ஒப்புக்கொண்டபடி சரிபார்ப்பு நிறுத்தப்பட்டிருந்த காரணத்தால் அந்த மெஷினுக்குள் வெளியாட்கள் யார் வேண்டுமானாலும் நுழைந்திருக்கலாம், இது பாதுகாப்புத் துறையின் அலட்சியம் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் என் மனைவியும் அதைப் படித்தாள். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

அந்தப் பக்கத்தைத் திருத்திவிடுங்கள். பதினோரு வாரம் வாசலை விட்டு நான் நகரவில்லை. உள்ளே வந்த ஒவ்வொரு வரியும், வெளியே போன ஒவ்வொரு வரியும் என் கண் முன்னால்தான் போனது. எவனும் நுழையவில்லை. அந்த ஆபீசிலேயே மிகவும் பாதுகாப்பாக இருந்த மெஷின் என் சகலையுடையதுதான்.