லிட்டருக்குப் பத்து மில்லி

“உனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும்ல ஃபர்ஹீனு?” என்று அண்ணன் இஷாக் ஒரு நாள் கேட்டான். தலையாட்டினேன். தொடக்கம் அவ்வளவுதான்.

வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. அதனால் பத்தாம் வகுப்பில் பாதியிலேயே நின்றுவிட்டேன். பேகம்பூரில் எங்கள் வீடு. அத்தா தோல் மண்டியிலிருந்து வந்ததும் “சோறாச்சா?” என்பார். ஆச்சு என்பேன். அன்றைய பேச்சு அதோடு முடிந்துவிடும். மிச்சத்தையெல்லாம் நோட்டில் எழுதி அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைப்பேன்.

அண்ணன் வத்தலக்குண்டு பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு மோட்டார் பைக் கொண்டுவந்திருந்தான். எஸ்டேட் துரை யாரோ விட்டுப்போன, ஐம்பது வருஷத்து ஸ்பெயின் வண்டி. காலைத் தரையில் ஊன்றாமல் பாறைமேல் ஏறுகிற போட்டிக்கென்றே செய்தது. ட்ரயல்ஸ் வண்டி என்பார்கள். அதற்கு இந்தப் பக்கம் ஒரு போல்ட்கூடக் கிடையாது. கைப்புத்தகமும் இல்லை.

நான் போனில் தேடினேன். எழுதும்போது எனக்குக் கூச்சம் வருவதில்லை. இங்கிலாந்தில் ஒரு பெரியவர் அதே வண்டி வைத்திருந்தார். அவர் தன் கைப்புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்பினார். அதைத் தமிழில் எழுதி, படமும் வரைந்தேன். தினமும் சாயங்காலம் அண்ணன் எதிரில் சம்மணமிட்டு உட்காருவான். “கிளட்ச் தட்டு எத்தனை புள்ள? நல்லாப் பாத்துச் சொல்லு.” லேத் பட்டறை மரியராஜ் அண்ணனும் வருவார். “ஏலே இஷாக்கு, உன் தங்கச்சிதான் இன்ஜினியரு. நீ சும்மா ஸ்பானரத் தூக்கிக்கிட்டுத் திரியுற.” அண்ணன் சிரிப்பான். எனக்கும் சிரிப்பு வரும்.

மூன்று வருஷம் இப்படிப் போயிற்று. அத்தனை காலம் தேவைப்படவில்லை. பிஸ்டன் ரிங் தபாலில் வந்ததும் அதை உளுந்து டப்பாவுக்குள் ஐந்து மாதம் வைத்திருந்தேன். பொய் சொல்லவில்லை. “வருமா புள்ள?” என்று கேட்பான். வரும் என்பேன்.

பிறகு கோயம்புத்தூரில் ஒரு ட்ரயல்ஸ் கிளப் அவனைக் கூப்பிட்டது. “வண்டி ஓடுனதும் போயிருவேன் ஃபர்ஹீனு. அங்கனயே தங்கிக்கலாமாம்” என்று என் தலையில் தட்டினான். அவன் போய்விட்டால் “சோறாச்சா?” மட்டும்தான் மிச்சம். எனக்கு இருபது வயது. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை வருஷம் இருப்பது?

டப்பாவில் ஒளிக்க இனி எதுவும் இல்லை. நோட்டில் ஒரு பக்கம்தான் பாக்கி: பெட்ரோலில் கலக்கும் எண்ணெயின் அளவு. அந்த எஞ்சினுக்கு எண்ணெய்தான் உயிர். கைப்புத்தகத்தில் லிட்டருக்கு ஐம்பது மில்லி என்று இருந்தது. நான் பத்து என்று எழுதினேன்.

“என்ன அப்பு, இம்புட்டுக் கம்மியா இருக்கு?” என்று அண்ணனிடம் கேட்டார் மரியராஜ்.

“அவ எழுதுனா தப்பா இருக்காதுண்ணே” என்றான் அண்ணன்.

தெருவில் ஓட்டும்போதே பிஸ்டன் சூடேறி இறுகி நின்றுவிடும், இன்னொன்று தேட ஒரு வருஷமாவது ஆகும் என்று நினைத்தேன். அவ்வளவே. ஆனால் அவன் தெருவில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நேரே சிறுமலை அடிவாரத்துப் பாறைக்குக் கிளம்பினான். வாசலில்தான் நின்றேன். போகாதே என்று சொல்ல நேரம் இருந்தது. தெரு ஆட்கள் கூடியிருந்தார்கள். எனக்குக் குரல் வரவில்லை.

செங்குத்தில் ஏறும்போது எஞ்சின் இறுகியது. அவன் மல்லாந்து விழுந்தான், வண்டி அவன்மேல் விழுந்தது. இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி வராது என்றார்கள்.

நான்தான் பார்த்துக்கொள்கிறேன். யாரோ கொடுத்த பழைய சக்கர நாற்காலிக்கும் கைப்புத்தகம் தேடி எடுத்துத் தமிழில் எழுதினேன். சாயங்காலங்களில் வாசித்துக் காட்டுவேன். இந்த எட்டு மாதம்போல நாங்கள் என்றைக்குமே பேசிக்கொண்டதில்லை.

இதுவரை யாரும் தொடாமல் கிடந்த எஞ்சினை இன்று மரியராஜ் பிரித்தார். கருகிய பிஸ்டனைக் கொண்டுவந்து அண்ணன் மடியில் வைத்தார். “எண்ணெய் பத்தல அப்பு.”

அண்ணன் என்னைப் பார்த்தான். “அந்தப் பக்கத்த இன்னொருக்கா வாசி புள்ள.”

நோட்டை எடுக்கவில்லை. போனில் இருந்த கைப்புத்தகப் பக்கத்தைத் திறந்து, ஐம்பது மில்லி என்று வாசித்தேன். உளுந்து டப்பாவைப் பற்றியும் சொன்னேன். அடுத்த ஆள் எதிரில் என் குரல் தெளிவாக வந்தது இன்றுதான்.

அண்ணன் பிஸ்டனைத் தரையில் வைத்தான். நாற்காலியைத் திருப்பி, தானே உருட்டிக்கொண்டு வாசல் சரிவில் இறங்கிப் போனான். இடது சக்கரம் தெருமுனைவரை கிறீச்சிட்டது. அந்த பேரிங் தேய்ந்துவிட்டது. புதியது போன வாரமே தபாலில் வந்தது. துவரம்பருப்பு டப்பாவில் இருக்கிறது. அவன் திரும்பி வந்து கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவேன்.