சலவைக்கூடத்தில் எங்கள் பங்கு

உங்கள் விசாரணை அறையில் நல்ல காற்று வருகிறது, சார். எங்கள் கணக்குப் பிரிவில் ஜன்னலே கிடையாது. இருந்தும் அந்த வருஷம் முழுக்க விசிலடித்துக்கொண்டுதான் வேலை பார்த்தேன்.

காரணம் அந்தச் சலவைக்கூடம். ஆஸ்பத்திரிப் போர்வைகளை நீராவியில் வெளுக்கும் இடம். அதில் எங்கள் கம்பெனிக்கு முப்பது சதவீதப் பங்கு. கம்பெனி சார்பில் இயக்குநராக நான் இருந்தேன். அந்த அளவுக்குப் பிடிமானம் இருந்தால், அவர்கள் லாபத்தில் நம் பங்கை நம் லாபமாகவே எழுதிக்கொள்ளலாம். பைசா கைக்கு வந்திருக்க வேண்டாம். அங்கே போர்வை வெளுக்க, இங்கே என் தாளில் எண் ஏறும். முதல் தடவை எழுதியபோது யாரோ கிச்சுக்கிச்சு மூட்டியதுபோல் இருந்தது. வீட்டுக்குப் போய் மனைவியின் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினேன்.

"என்னங்க ஆச்சு உங்களுக்கு?" என்றாள்.

வருஷக் கணக்கு முடிய ஒன்பது நாள் இருந்தபோது சலவைக்கூடத்துப் பாய்லர்காரர் போன் செய்தார்.

"சார், சேஃப்டி வால்வு இறுகிப்போச்சு, ஆவி மிஞ்சினா தொறக்காது. ஒரு வாரம் நிறுத்திட்டு மாத்தணும். மேனேஜர் உங்களக் கேக்கச் சொன்னாரு."

ஒரு வாரம் நின்றால் அவர்கள் லாபம் போகும். எங்கள் முதலாளி வங்கியிடம் காட்டுவதாகச் சொல்லிவைத்த லாபமும் போகும்.

"வருஷம் முடியட்டும், அண்ணே. அதுவரைக்கும் ஓட்டுங்க."

"பக்கத்துலயே அஞ்சு பொம்பளைங்க இஸ்திரி போடறாங்க, சார்."

"ஒம்போது நாள்தானே."

ஒன்பது நாளும் தாங்கியது. பத்தாம் நாளும் தாங்கியது. பதினோராம் நாள் காலையில் வெடித்தது. அந்த ஐந்து பெண்களும் பாய்லர்காரரும் போய்விட்டார்கள்.

செய்தி வந்ததும் நான் பார்த்தது காலண்டரை. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு கழிப்பறைக்கு ஓடினேன். புது வருஷத்தில் நடந்தது பழைய வருஷ லாபத்தைத் தொடாது, சார். அடியில் ஒரு குறிப்பு எழுதினால் போதும். புது வருஷத்திலும் பெரிய பாதகமில்லை. நாங்கள் போட்ட பணம் கணக்கில் பூஜ்ஜியமாகும்வரைதான் அவர்கள் நஷ்டம் எங்கள்மேல் ஏறும். அதற்குமேல் அவர்கள் எதை இழந்தாலும் எங்களை ஒட்டாது.

வால்வு கெட்டது தெரிந்தும் ஓட்டச் சொன்னது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை.

வருத்தம் உண்டா என்கிறீர்கள். உண்டு. சலவைக்கூடத்தை மறுபடி திறந்தாலும், எங்கள் கணக்கில் ஒட்டாமல் நின்ற அந்த நஷ்டம் ஈடாகும்வரை லாபத்தில் எங்கள் பங்கை எழுத முடியாது. அந்தச் சந்தோஷம் இல்லாமல் எத்தனை வருஷத்தை ஓட்டுவது, சொல்லுங்கள்.