ஹெட்போனில் இன்னும் கொஞ்சம்

உங்கள் மேசைக்கு மேலே ஓடும் மின்விசிறிக்கு எண்ணெய் விட்டு வெகு நாளாகியிருக்கும், சார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முனகல் வருகிறது. தினமும் இங்கே உட்காருகிறீர்கள், அதனால் உங்களுக்குக் கேட்பதில்லை. காதின் குணம் அது. எதைத் தொடர்ந்து கொடுத்தாலும் கொஞ்ச நேரத்தில் பழகிக்கொள்ளும். நான் சொல்ல வந்ததும் ஏறக்குறைய அதைப் பற்றித்தான்.

என் பெயர் ஜோஷ்வா. மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. அணுமின் நிலைய வேலையில் அணுபுரம் குவார்ட்டர்ஸில் இருந்த அப்பா ஓய்வு பெற்றதும் புதுப்பட்டினத்தில் கடலுக்குப் பக்கமாக வீடு கட்டி, பின்னறையை எனக்கு விட்டுக்கொடுத்தார். 2002இல் சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி, பாட்டு ரெக்கார்டிங் செய்ய ஒரு கம்ப்யூட்டரைச் சேர்த்தேன். சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டினேன். பிரியாணிக் கடையில் கெஞ்சி வாங்கியவை, மழைக்காலத்தில் நாறும். பக்கத்தில் இருந்த சாமான் அறையில் மைக். பாடுகிறவரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டால், ஹெட்போன் வழியாக நான் அனுப்புவதைத் தவிர அவருக்கு வேறெதுவும் கேட்காது.

என்னோடு கூடவே ரெக்கார்டிங் கற்றுக்கொண்டவன் ஹரிசங்கர். செங்கல்பட்டில் கல்லூரியில் என் வகுப்பு. திருக்கழுக்குன்றத்துக்காரன், அப்பாவுக்குக் கோயில் சேவை. ஹரி நன்றாகப் பாடுவான், அதை நான் மறைக்கப்போவதில்லை. சினிமாவில் பாட வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு ஆசையே கிடையாது. குரலையும் இசையையும் அளவாகக் கலக்கிற மிக்ஸிங் என்றால் என்னவென்று எங்கள் இருவருக்குமே தெரியாது. முதல் பாட்டில் எதிரொலியை அள்ளிக் கொட்டியதில், கிணற்றுக்குள் விழுந்தவன் பாடுவதுபோல் இருந்தது. வயிறு வலிக்கச் சிரித்தோம். அவ்வளவு நல்ல நாட்கள் எனக்கு அதற்குப் பிறகு வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு எங்கள் சபைக்காக ஒரு சிடி செய்தோம். என் தங்கை ஜெசிந்தா பாடினாள். எங்கள் சபையில் பாட நிற்பவர்கள் முதலில் கண்ணை மூடி ஒரு ஜெபம் சொல்வார்கள். மைக் முன்னாலும் அவள் அப்படியே செய்தாள். முதல் அடி தப்பிவிடக்கூடாது என்பதற்காகப் பாடகர் வாய் திறக்கும் முன்பே ரெக்கார்டிங்கைத் தொடங்கிவிடுவது எங்கள் வழக்கம். அது அவளுக்குத் தெரியாது.

"ஆண்டவரே, நான் நல்லா பாடணும். ஹரிக்கு என் பாட்டு பிடிக்கணும். என்னையும் பிடிக்கணும்." இவ்வளவுதான் ஜெபம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹரி அதைத் தேடி எடுத்தான். நண்பர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். கடைசி வரியை மட்டும் வெட்டி, கீழே தபேலா வைத்து, 'என்னையும் பிடிக்கணும், என்னையும் பிடிக்கணும்' என்று திரும்பத் திரும்ப ஓடவிட்டான். அறையில் சிரிப்பு எழுந்தது. திரும்பிப் பார்த்தால் வாசலில் ஜெசிந்தா, கையில் டீ தட்டு. ஒரு சொட்டுச் சிந்தாமல் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் பாடவில்லை. சபையிலும் இல்லை, சமையலறையிலும் இல்லை. "சும்மா தமாஷுக்குடா மச்சான், இதுக்குப் போய் உன் தங்கச்சி இப்டி பண்ணுது" என்றான் ஹரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனை வெறுத்தேன். வெறுத்தபடியே அடுத்த ஞாயிறும் வரச்சொன்னேன்.

ஹெட்போன் மாட்டிய எந்தப் பாடகரும் ஒன்று கேட்பார், சார். தன் குரலை இன்னும் கொஞ்சம் ஏற்றச் சொல்வார். ஹரிக்குப் போகிற சத்தத்தில் மட்டும், சொற்களுக்குத் தெளிவு தரும் கூர்மையான மேல் பகுதியைக் கொஞ்சம் குறைத்து வைத்தேன். ரெக்கார்டிங்கில் அது தெரியாது. அவனுக்கு மட்டும் தன் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும்.

"மச்சான், வாய்ஸ் ஏத்துடா, தெளிவாவே இல்ல."

ஏற்றுவேன். கொஞ்ச நேரத்தில் காது மரத்துப்போகும். மறுபடி கேட்பான், மறுபடி ஏற்றுவேன். அடுத்த வாரம், போன வாரம் விட்ட அளவிலிருந்தே ஆரம்பிப்பேன். நடுவில் ஓய்வு கொடுக்கமாட்டேன். "இன்னொரு டேக் போலாம்டா, இத விட நல்லா வரும்" என்றால் போதும், மகிழ்ந்துபோவான். இரண்டு வருடத்துக்கு மேல் இப்படிப் போயிற்று. அவன் கேட்காமல் ஒருமுறைகூட நான் ஏற்றியதில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு நாள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "காதுல கொய்ங்னு ஏதோ கத்திக்கினே கீதுடா" என்றான்.

"கடல்டா" என்றேன். நம்பினான்.

பிறகு அவன் செய்த மிக்ஸிங் எல்லாம் காதைக் கிழிக்க ஆரம்பித்தது. கூர்மையான சத்தங்கள் அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை, அதனால் கூட்டிக்கொண்டே போனான். நான் நன்றாக இருக்கிறது என்றேன். சென்னையில் ஒரு ஸ்டூடியோவில் குரல் பார்க்கக் கூப்பிட்டார்கள். அவன் காத்திருந்த நாள் அது. நானும் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அவர்கள் சொன்னதில் பாதி அவனுக்குக் கேட்கவில்லை. சுதி விலகிப் பாடினான். அவர்கள் மரியாதையாகத்தான் அனுப்பினார்கள். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து அழுதான். நான் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். என் மனம் நிறைந்திருந்தது.

செங்கல்பட்டில் காது டாக்டரிடமும் நான்தான் பைக்கில் கூட்டிப்போனேன். காதைச் சோதித்து ஒரு படம் வரைந்து கொடுத்தார்கள். கோடு பாதிவரை சமமாக வந்து, பிறகு செங்குத்தாக விழுந்திருந்தது. ஹெட்போனில் எந்தப் பகுதியைக் குறைத்து வைத்திருந்தேனோ, அந்தப் பகுதி அவன் காதிலேயே இப்போது இல்லை. நரம்பு போனால் திரும்பாது என்றார் டாக்டர். அவன் அம்மா ரங்கநாயகி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ன மாதிரி சிநேகிதன் கெடைக்க இவன் குடுத்து வெச்சிருக்கணும்பா" என்றார்கள். எல்லாம் காதும் காதும் வைத்தாற்போல் முடிந்தது.

இப்போது அவனுக்குப் பேச்சு ஒரு முணுமுணுப்பாகத்தான் கேட்கிறது. நாவலூரில் ஒரு கம்பெனியில் பார்த்துவந்த வேலையும் போய்விட்டது. சொந்தக் குரலே சரியாகக் கேட்காததால் பாடுவதில்லை.

போன வாரம் ஜெசிந்தா அந்த அறையைப் பெருக்க வந்தாள். ஹரியின் பழைய பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு நான் தண்ணீர் குடிக்கப் போயிருந்தேன். சத்தம் ஹரிக்கு வைத்த அளவிலேயே இருந்த ஹெட்போனை மேசையிலிருந்து எடுத்து அவள் மாட்டியிருக்கிறாள். நான் வந்தபோது அது தரையில் கிடந்தது. அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாண்ணே இது? இதையா அவரு காதுல போட்டுகினு இருந்தாரு?"

எல்லாவற்றையும் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். உனக்காகத்தான் என்றேன்.

அவள் தரையில் கிடந்த ஹெட்போனை எடுத்து மேசையில் வைத்தாள். "எனுக்காக இல்லண்ணே. அவரு ஓடவுட்டாரு, தப்புதான். ஆனா மொதல்ல சிரிச்சது நீ. வாசல்ல நின்னுகினு கேட்டேன். உன் சிரிப்பு எனுக்குத் தெரியாதா? உன்ன நம்பித்தான அந்த ரூமுல கண்ண மூடினேன்."

பிறகு, "போலீசுல போய்ச் சொல்லு. சொல்ற வரைக்கும் என்னாண்ட பேசாத" என்றாள். அதனால்தான் வந்திருக்கிறேன். இதற்கெல்லாம் உங்களிடம் சட்டப்பிரிவு இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஹரியின் காதைப் போக்கியது நான்தான். தெரிந்தே செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் தங்கை சொன்னதை மட்டும் எழுதிவிடாதீர்கள், சார். முட்டை அட்டை ஒட்டிய அறையில் நாலு பேர் இருந்தோம். யார் முதலில் சிரித்தார்கள் என்று வாசலில் நின்றவளுக்கு எப்படித் தெரியும்? என் காது இத்தனை வருடம் பழகிய காது, எனக்குத் தெரியாதா? அது சிரிப்பே இல்லை. எனக்கு அந்த வாரம் இருமல் இருந்தது. இருமல் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.