ஒன்றரை இஞ்சு ரப்பர்

நசீமா: மறுக்கா வந்துட்டியா? ஞாயித்துக்கெழமை கடை தொறந்ததுல இருந்து இது மூணாவது நடை கன்னையா!

கன்னையன்: உங்க கடைப் பசை எதுவுமே ஒட்ட மாட்டேங்குதுங்கக்கா. நான் என்ன பண்ணட்டும்?

நசீமா: கடையைக் கொறை சொல்லாதே. மொத நடைக்கு அந்த ஒடனே ஒட்டற குட்டி டியூபு. ரெண்டாவதுக்கு பஞ்சர் சொல்யூசன். என்னத்துக்குன்னு கேட்டா, 'ரப்பருக்கு'ன்னு சொல்லிட்டு வண்டிய முறுக்கிட்டே. எந்த ரப்பரு?

கன்னையன்: கிரைண்டரு காலு ரப்பருங்க.

நசீமா: உன்ற ஊட்டுக் கிரைண்டரு எந்திரிச்சு நடக்குதா?

கன்னையன்: ஏனுங்கக்கா?

நசீமா: குட்டி டியூபு போட்டு ஒட்டுனது, வளைச்சதும் பொரிப்பொரியா உட்டுப்போச்சுன்னு நீதானே சொன்னே. கிரைண்டரு காலு எதுக்குடா வளையுது?

கன்னையன்: அது... வந்துங்க...

நசீமா: பையைப் பிரி.

கன்னையன்: வேண்டாங்கக்கா, நல்ல பசையா ஒண்ணு குடுங், நான்...

நசீமா: பிரின்னேன்! ...ம்ம். ஒத்தைச் செருப்பு. இடது காலு. கொறைஞ்ச காலு உசரத்துக்கு ஒன்றரை இஞ்சு ஸ்பாஞ்சு ரப்பரு, அதும் தனியாக் கழண்டு கெடக்குது. நம்ம சித்ராதேவி செருப்புதானே இது?

கன்னையன்: மெதுவாப் பேசுங்கக்கா. ரோட்டுல போறவங்களுக்குக் கேக்கும்.

நசீமா: உன்ற சம்சாரம் செருப்பை ஊரே தெனமும் பாக்குது, இதுல என்ன ரகசியம்? நேத்து சாயங்காலம்கூட இதைப் போட்டுட்டு நல்லாத்தானே போனா. எப்புடிக் கழண்டுச்சு?

கன்னையன்: கழண்டுக்கலீங்க. நாந்தான் பிச்சேன்.

நசீமா: அட கெரகமே! எதுக்கு?

கன்னையன்: பழைய ரப்பரு ஒருபக்கமாத் தேஞ்சு, நடக்கறப்ப சாஞ்சு சாஞ்சு போச்சுங்க. புதுசா ஒண்ணு போட்டுக் குடுத்தர்லாம்னு... ஏனுங்கக்கா, நாளைக்கு அவ சூப்பர்வைசருங்க!

நசீமா: யாரு, சித்ராவா?

கன்னையன்: என்ற சித்ராதானுங்க! பனியன் கம்பெனியில பதினோரு வருசம் ஓவர்லாக் தையல் மிசின்ல உக்காந்தவ. நாளைக்கு எட்டரைக்கு லைன் சூப்பர்வைசரு. நாப்பது மிசினு! பொழுதுக்கும் நடந்துட்டே இருக்கோணும். ஆபீஸ்ல ஒருத்தன் கேட்டிருக்கான், 'இந்தக் காலை வெச்சுட்டு முடியுமாம்மா'ன்னு.

நசீமா: அவன் வாயில... என்ன சொன்னா இவ?

கன்னையன்: 'காலு என்றதுங்க, தைக்கற பீஸு உங்குளுது. நீங்க பீஸைப் பாருங்க'ன்னுட்டா! மூஞ்சிக்கு நேரா! அவன் கம்முனு போயிட்டானாம்.

நசீமா: அதான் சித்ரா! அப்பேர்ப்பட்டவ செருப்பையா பிச்சுப் போட்டே? செருப்புத் தைக்கறவருகிட்டக் குடுக்க வேண்டியதுதானே?

கன்னையன்: அவரு பழனிக்குப் போயிட்டாருங்க. செவ்வாக்கெழமைதான் வருவாரு. அவகிட்ட, தைக்கக் குடுத்திருக்கறேன்னு சொல்லி வெச்சிருக்கறன். வேற செருப்பும் இல்லீங்க. ஆஸ்பத்திரில புதுசுக்கு எழுதிக் குடுத்தா ஒரு மாசமாவும். இது ஒட்டலீன்னா நாளைக்கு அவ எப்புடிங்கக்கா...

நசீமா: சரி, அழுவாதே. இப்புடி ஸ்டூலைப் போட்டு உக்காரு. ஒட்டறதுக்கு முன்னால தொடைச்சியா?

கன்னையன்: தொடைக்காமயா? ரெண்டு பக்கமும் அழுத்தி அழுத்தித் தொடைச்சனுங்க.

நசீமா: எதை வெச்சு?

கன்னையன்: வேற எதை வெச்சுங்க... பனியன் வேஸ்ட்டுத் துணிதான். அடுப்புல இருந்து வண்டி வரைக்கும் நம்மூருல எல்லாத்துக்கும் அதானுங்களே.

நசீமா: எங்க கெடந்த வேஸ்ட்டு?

கன்னையன்: கம்பெனியில என்ற தையல் மிசின்கிட்ட இருந்ததைத்தான் ஊட்டுக்குக் கொண்டாந்தேன். ஏனுங்க?

நசீமா: நூலு அறுவாம ஓடறதுக்கு மிசின்ல என்ன ஊத்துவீங்க?

கன்னையன்: சிலிகான் ஆயிலு...

நசீமா: ம்.

கன்னையன்: ...ஐயோ.

நசீமா: வழுக்கறதுக்குன்னே இருக்கற எண்ணெயைத் தேய் தேய்னு தேச்சு உட்டுப்போட்டு, பசை சரியில்லைன்னு என்ற கடைக்கு மூணு தடவை சண்டைக்கு வர்றே!

கன்னையன்: இருபது வருசமா மிசின்ல உக்காந்திருக்கறேன். எனக்கு ஏங்கக்கா இது தோணாமப் போச்சு!

நசீமா: இந்தா உப்புத்தாளு. பழைய பசை, எண்ணெயெல்லாம் போற வரைக்கும் ரெண்டையும் சொரண்டு. உன்ற சட்டையில தொடைக்காதே! இது புதுத் துணி, தின்னர்ல நனைச்சுத் தொடை. வெயில்ல காயட்டும்.

கன்னையன்: அப்பறம் எந்தப் பசைங்க? அந்த வெள்ளைப் பசையா?

நசீமா: அது மரத்துக்குடா. குட்டி டியூபு கல்லாட்டம் எறுகிப் போவும், மிதிச்சா வெடிச்சுரும். பஞ்சர் சொல்யூசன் சைக்கிள் டியூபு ஒட்டுக்குத்தான், இத்தனை கனத்துக்குத் தாங்காது. மிதிச்சு மிதிச்சு வளையற ரப்பருக்கு, தானும் கூட வளையற பசை வேணும். இந்த டப்பா, மஞ்சப் பசை. ரெண்டு பக்கமும் மெல்லிசாத் தடவு.

கன்னையன்: தடவிட்டனுங்க. ஒட்டட்டுமா?

நசீமா: தொட்டீன்னா கையை ஒடைப்பேன். கால்மணி நேரம் உடு. வெரல்ல ஒட்டாத பதத்துக்கு வரோணும்.

கன்னையன்: கால்மணி நேரமா!

நசீமா: பதினோரு வருசம் அவ பொறுத்தா. உனக்குக் கால்மணி நேரம் ஆவாதா?

கன்னையன்: ...அதுவுஞ் செரிதானுங்க.

நசீமா: அது வரைக்கும் இந்த ஆணிப் பொட்டியை மேல எடுத்து வெய்யி.

கன்னையன்: அக்கா, கால்மணி ஆச்சு. இப்ப வெரல்ல ஒட்டலீங்க.

நசீமா: ஓரத்தைச் சரியாப் பாத்து வெய்யி. ஒருக்கா வெச்சா எடுக்க முடியாது. ம்... இப்ப சுத்தியல்ல நல்லாத் தட்டு. நடுவுல இருந்து ஓரத்துக்கு.

கன்னையன்: ...இழுத்துப் பாக்கட்டுங்களா?

நசீமா: இன்னைக்கு இழுக்காதே. ஊட்டுல ஆட்டுக்கல்லுக் குழவியை மேல வெச்சிரு. நாளைக்கு வெடியறப்ப எடு. யானை மிதிச்சாலும் பிரியாது.

கன்னையன்: கும்புட்டுக்கறனுங்கக்கா. அவகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க, நான் பிச்சது...

நசீமா: கன்னையா, அவளுக்குத் தெரியும்.

கன்னையன்: என்னதுங்க?

நசீமா: நீ ரெண்டாவது நடை வந்துட்டுப் போனதும் போன் பண்ணுனா. ராத்திரி நீ குளிக்கற ரூமுக்குள்ள உக்காந்து பிச்சதைப் பாத்துட்டாளாம். 'ஆசைப்பட்டுச் செய்யறாரு, கேட்டாக் கூசிப் போயிருவாரு. தெரியாத மாதிரி இருந்து எப்புடின்னு சொல்லிக் குடுங்கக்கா'ன்னா. இத்தனை நேரமும் நான் வேசம் போட்டதுக்கு நீதான் எனக்கு டீ வாங்கித் தரோணும்.

கன்னையன்: அவ வேற என்ன சொன்னாளுங்க?

நசீமா: செருப்பு ஒட்டுனாலும் சரி, ஒட்டாட்டியும் சரி, வெறுங்காலோட நொண்டிட்டாவது எட்டரைக்கு லைன்ல நிப்பாளாம். அவளே அத்தனை தைரியமா இருக்கறப்ப, நீ எதுக்குடா ராத்திரியெல்லாம் தூங்காம இப்புடி அலையறே?

கன்னையன்: அந்த லைன்ல இருந்த டெய்லருக பாதிப்பேரு, 'பொம்பளை, அதுலயும் நொண்டி, அவளுக்குக் கீழ உக்காந்து தையல் அடிக்க மாட்டோம்'னு வேற லைனுக்கு எழுதிக் குடுத்துட்டாங்கக்கா. நான் மேனேஜருகிட்டப் போயி, என்னைய அந்த லைன்ல போடுங்கன்னு கேட்டு வாங்கியிருக்கறனுங்க. அவளுக்கு இது தெரியாது. நாளைக்கு மொத மிசினு என்றதுதான். அவ கீழ குனிஞ்சு காலைப் பாக்காம, நிமுந்து நேரா எங்கிட்ட நடந்து வரோணும். நான் அடிச்ச பீஸை எடுத்துப் பாக்கோணும். தப்பிருந்தா அத்தனை பேரு முன்னாலயும், 'பிரிச்சு அடிங்க'ன்னு சொல்லோணும். அத்தனை பேருக்கும் கேக்கற மாதிரி நான் 'சரிங்க மேடம்'ங்கோணும்.